ரிட்டர்ன், அவகாசம் ஏழு நாள்

வாங்க டீச்சர், வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், தரையெல்லாம் ஈரமாத்தான் கெடக்கு. இந்த வருஷம் சாரல் வீட்டுக்குள்ளயே வந்து அடிக்குது. அந்தச் சேர்ல உக்காராதீங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. குடையை அங்கன மூலையில வைங்க.

ஃபாரம் கொண்டாந்திருக்கீங்களா? நான் சொன்னதைத் திருத்தியாச்சா? முதல் தடவை வந்தப்ப பாகம் எண் விட்டுப்போயிருந்துச்சு. போன தடவை தேதியை அடிச்சு எழுதியிருந்துச்சு, அடிச்ச இடத்துல சின்னக் கையெழுத்து இல்ல. கோவிச்சுக்கிடாதீங்க. பள்ளிக்கூட வேலையும் பாத்துட்டு இந்த ஓட்டர் லிஸ்ட் வேலைக்கும் வீடு வீடா அலையுதீங்க, எனக்குத் தெரியாம இல்ல. ஆனா முப்பத்தி நாலு வருஷம் இதையே பாத்த கண்ணு. கோர்ட்ல வக்கீலுங்க கொண்டாந்து போடுற மனுவை ஜட்ஜுக்கு முன்னால நான்தான் பாப்பேன். சிரஸ்தார்னு சொல்லுவாங்க அந்த வேலையை. ஸ்டாம்ப் சரியா, தேதி சரியா, பத்திக்கு நம்பர் போட்டிருக்கா, கையெழுத்து இருக்கா. இல்லைன்னா முதுகுப் பக்கத்துல 'ரிட்டர்ன்'னு எழுதி, என்னென்ன குறைன்னு வரிசையாப் போட்டு, 'அவகாசம் ஏழு நாள்'னு எழுதித் திருப்பிக் குடுத்திருவேன். திருத்திட்டு அவங்களே திரும்பக் கொண்டாருவாங்க. அதுல ஒருத்தரும் கோவப்பட்டதில்ல. கோவப்பட்டாலும் எங்கிட்டச் சொன்னதில்ல.

ஆமா, உலகம்மை என் மகதான். ஒரே மக. இங்கன இருந்து தன் பேரை எடுத்து ஓசூர் லிஸ்ட்ல சேக்கணும்னு அங்கேருந்து எழுதிக் குடுத்திருக்கா, அதுக்கு நான் 'ஆமா, இங்க இல்ல'ன்னு கையெழுத்துப் போடணும். அதானே? குடுங்க, பாக்கேன்.

ப்ரைமா ஃபேசி சரியாத்தான் இருக்கு. ப்ரைமா ஃபேசின்னா மேலாகப் பாத்த உடனேன்னு அர்த்தம். லத்தீன் டீச்சர். நீங்க சிரிக்கீங்க. எல்லாரும் அப்படித்தான் சிரிப்பாங்க. நான் வேலைக்குச் சேந்தப்ப ரெக்கார்ட் ரூம்ல அட்டை கிழிஞ்ச சட்ட அகராதி ஒண்ணு கெடந்துச்சு. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுட்டு வெத்திலை போடப் போவாங்க, நான் அதை எடுத்து வச்சுக்கிடுவேன். ஒரு நாளைக்கு ஒரு சொல்லு. லோகஸ் ஸ்டாண்டி. இந்த விஷயத்துல வாயத் திறக்க உனக்கு என்ன உரிமை இருக்குன்னு அர்த்தம். ரெஸ் ஜூடிகேட்டா. ஒரு தடவை முடிஞ்சது முடிஞ்சதுதான், திரும்பக் கிளறக் கூடாது. பத்து வருஷத்துல அந்த அகராதில பாதி எனக்கு மனப்பாடம். ஜூனியர் வக்கீலுங்க இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குவாங்க, லத்தீன் வந்தா நாக்கு மடங்கிரும். 'அண்ணாச்சி, இதை எப்படிச் சொல்லணும்'னு என் மேஜைக்குத்தான் வருவாங்க.

ஏன் அது மேல அவ்வளவு பிரியம்னு கேட்டீங்கன்னா, அது செத்த பாஷை டீச்சர். அதுல யாரும் சண்டை போட மாட்டாங்க. அதுல யாரும் அழுதுக்கிட்டே பேச மாட்டாங்க. கோர்ட்டுக்கு வர்ற சனம் பூரா அழுதுட்டுத்தான் வரும். அவங்க சொல்லுததை எல்லாம் வக்கீல் கேட்டு ஒரு லத்தீன் சொல்லுக்குள்ள போட்டுருவாரு. அதுக்கப்புறம் சுத்தமா இருக்கும், கையில எடுக்கலாம்.

இருங்க, இருங்க, போட்டுருதேன் கையெழுத்து. மழை விடட்டும். நீங்க மூணு தடவை வந்துட்டீங்க, அதனால ஒண்ணு சொல்லுதேன். ஊர்ல கேட்டா என் மக ஓடிப்போயிட்டான்னு சொல்லுவாங்க. அது தப்பு. கல்யாணம் பண்ணிக்கிட்டதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இருபத்தாறு வயசுப் பிள்ளை, படிச்சிருக்கா, அவளுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டா. என் வருத்தம் வேற. என்னைய எக்ஸ் பார்ட்டி ஆக்கிட்டா. அதுதான் தாங்க முடியல.

எக்ஸ் பார்ட்டின்னா, எதிர்த்தரப்பு ஆள் வரலைன்னு, அவன் இல்லாமலே கேஸை முடிச்சுக் கட்டுறது. அது சட்டத்துல உண்டுதான். ஆனா அதுக்கு முன்னால அவனுக்கு நோட்டீஸ் போயிருக்கணும். நோட்டீஸே இல்லாம ஒருத்தனை ஒதுக்கி வச்சுத் தீர்ப்புச் சொல்ல ஆண்டவனுக்கே அதிகாரம் கிடையாது. அங்க பாருங்க, அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால, சிவப்பு மசியில எழுதி வச்சிருக்கேன். ஆடி ஆல்டரம் பார்ட்டம். எதிர்த்தரப்பு சொல்லுததையும் கேளு. சட்டத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி அதுதான். என்ன? இருங்க டீச்சர், நான் முடிச்சிருதேன், அப்புறம் நீங்க சொல்லுங்க.

இவ அம்மா போனப்ப இவ ஆறாங்கிளாஸ். மஞ்சக் காமாலை, பத்து நாள்ல முடிஞ்சு போச்சு. அதுவரைக்கும் நாங்க அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பேசிக்கிட்டதே கம்மி. அவளுக்கு என்ன வேணும்னாலும் அம்மாகிட்டச் சொல்லுவா, அம்மா எங்கிட்டச் சொல்லுவா. நடுவுல இருந்த அந்த ஆள் போனதும் வீட்டுல ரெண்டு பேரும் திருதிருன்னு முழிச்சுக்கிட்டு இருந்தோம்.

ஒரு வருஷம் கழிச்சு ஒருநாள் சாயங்காலம், நான் கோர்ட்ல இருந்து வந்து சட்டையைக் கழட்டுதேன், இவ வாசப்படியில நிக்கா. எதோ சொல்ல வாரா, வாயத் திறக்கா, மூடிக்கிடுதா. கண்ணு கலங்குது. 'என்னட்டி'ங்கேன், பேச்சே இல்ல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. 'சரி, சொல்ல வரலைன்னா எழுதிக் குடு'ன்னேன். உள்ள போயி நோட்டுல இருந்து ஒரு தாளைக் கிழிச்சு எழுதிக் கொண்டாந்து மேஜையில வச்சுட்டு ஓடிட்டா. மெடிக்கல்ல ஒரு சாமான் வாங்கணும்னு எழுதியிருந்தா. பொம்பளைப் பிள்ளைக்கு வேண்டியது. உங்களுக்குப் புரியும். அம்மா இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நான் அந்தத் தாள்ல 'அனுமதிக்கப்பட்டது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, நானே போயி வாங்கியாந்து, பேப்பர்ல சுத்தி, தாளையும் மேல வச்சேன். அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது பிள்ளை என்னையப் பாத்து சிரிச்சா. அம்மா போனதுக்கு அப்புறம் முதல் சிரிப்பு.

அப்படி ஆரம்பிச்சதுதான். அதுக்கப்புறம் எதுனாலும் மனுதான். சைக்கிள் வேணும், மனு. ஸ்கூல்ல கொடைக்கானல் கூட்டிட்டுப் போறாங்க, மனு. நானும் விளையாட்டா ரிட்டர்ன் போடுவேன். 'தேதி இல்லை. மனுதாரர் போன வாரம் கணக்குப் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணை மறைத்துள்ளார். அவகாசம் ஏழு நாள்.' விழுந்து விழுந்து சிரிப்பா. திருத்தி எழுதி, மேல 'குறைகள் களையப்பட்டு மறுபடி தாக்கல்'னு எழுதிக் கொண்டாருவா. பத்தாங்கிளாஸ்லயே எனக்கு லத்தீன்ல பதில் எழுதுவா. அந்தத் தாள் பூராவும் வச்சிருந்தேன். டிரங்குப் பெட்டி ஒண்ணு நிறைஞ்சு போச்சு. யோசிச்சுப் பாருங்க டீச்சர், எந்த வீட்டுல அப்பனும் மகளும் இவ்வளவு பேசியிருப்பாங்க?

கேக்கீங்களா? சரி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, இதே சாரல் நேரம். சாப்பிட்டுட்டு இருக்கேன், 'அப்பா ஒரு விஷயம் பேசணும்'ங்கா. பிள்ளை முகத்தைப் பாத்தாலே தெரியுதே. நான் பழக்க தோஷத்துல, 'எழுதிக் குடு'ன்னேன். 'இல்லப்பா, இதைப் பேசணும்'னா. 'எழுதுனா தெளிவா இருக்கும்மா'ன்னேன். தட்டை எடுத்துட்டுப் போயிட்டா.

மூணு நாள் கழிச்சு மேஜையில இருக்கு. நாலு பக்கம். தலைப்பு இல்ல, தேதி இல்ல, பத்தி நம்பர் இல்ல, கடைசியில என்ன வேணும்னு தனியாப் போடல. கடகடன்னு எழுதிட்டே போயிருக்கா. நான் முதுகுல சிவப்புப் பேனாவால எழுதினேன். ஒண்ணு, தேதி இல்லை. ரெண்டு, பத்திகளுக்கு எண் இல்லை. மூணு, இதில் குறிப்பிடும் நபருக்கு லோகஸ் ஸ்டாண்டி என்ன? நாலு, கோரிக்கை தனியே காட்டப்படவில்லை. ரிட்டர்ன், அவகாசம் ஏழு நாள்.

அவ சிரிக்கல. ஆனா திருத்திக் கொண்டாந்தா, அதைச் சொல்லணும். நாலாம் நாளே வந்துருச்சு. தேதி போட்டு, நம்பர் போட்டு. நான் பாத்தேன், இடப்பக்கம் மார்ஜின் விடல. திரும்பவும் ரிட்டர்ன் போட்டேன். அதுக்கப்புறம் அவ கொண்டாரல. ஏழு நாளும் ஓடிருச்சு. கோர்ட்ல ஒருத்தன் அவகாசத்துக்குள்ள திரும்பத் தாக்கல் பண்ணலைன்னா என்ன அர்த்தம்? அவனே விட்டுட்டான்னு அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். அவளும் வழக்கம்போல ஆபீஸ் போனா, வந்தா, எனக்குத் தோசை சுட்டுக் குடுத்தா. நானும் நிம்மதியாத் தூங்கினேன்.

ஒரு வியாழக்கிழமை பேங்க்ல பென்ஷன் விஷயமாப் போயிட்டு வாரேன், வீடு பூட்டியிருக்கு. சாவி பக்கத்து வீட்டுல. போன்ல ஒரு மெசேஜ். 'அப்பா, நான் நல்லா இருக்கேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் முடிஞ்சுது. ஓசூர் போறோம். மாத்திரை பெட்டியில அடுக்கி வச்சிருக்கேன், பத்து நாளைக்கு இருக்கும்.' அவ்வளவுதான். அவங்கிட்ட இருந்து நோட்டீஸ் கிடையாது, இவகிட்ட இருந்து நோட்டீஸ் கிடையாது. சுத்தமான எக்ஸ் பார்ட்டி.

அப்பத்தான் மதுரைக்குப் போயி ஹேபியஸ் கார்ப்பஸ் போட்டேன்.

பயந்துறாதீங்க. ஆட்கொணர்வு மனு. ஆளை யாரோ அடைச்சு வச்சிருக்காங்க, கோர்ட் முன்னால கொண்டாந்து நிறுத்துங்கன்னு கேக்குறது. எல்லா மனுவையும் விடப் பெரிய மனு அது. ஐகோர்ட்ல ரெண்டு ஜட்ஜ் உக்காந்து விசாரிப்பாங்க. வக்கீல் சின்னப் பையன், நல்லவன், எங்கிட்டச் சொன்னான்: 'சார், மேஜர் பொண்ணு, மெசேஜ்ல தெளிவாச் சொல்லிட்டாங்க. இது நிக்காது.' நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? முப்பத்தி நாலு வருஷம் டீச்சர். ஆனா நிக்காட்டியும், ஆளைக் கொண்டாருவாங்கல்ல? அந்த மனு ஒண்ணுலதான் ஆளையே முன்னால கொண்டாந்து நிறுத்துவாங்க. வேற எந்த மனுவுலயும் தாள்தான் வரும். எனக்கு அவளைப் பாக்கணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான். 'மனுதாரருக்குத் தன் மகளைப் பாக்கணும்போல இருக்கிறது'ன்னு எழுத முடியுமா? எழுதினா நானே அதை ரிட்டர்ன் போட்டிருப்பேன். அதனால 'சட்டவிரோதக் காவல்'னு எழுதினோம்.

போலீஸ்காரங்க கூட்டிட்டு வந்தாங்க. மஞ்ச சுடிதார், கழுத்துல புதுச் செயின். கோர்ட் ஹால்ல பின் வரிசையில ஒரு பெண் போலீஸ் பக்கத்துல உக்காந்திருந்தா. எங்க நம்பரைக் கூப்பிட்டதும் அரசு வக்கீலைப் பாத்து ஜட்ஜ் ஒருத்தர் கேட்டாரு, 'கார்ப்பஸ் வந்தாச்சா?'ன்னு. அது பேச்சு வழக்கு, கொண்டாந்து நிறுத்துற ஆளை அப்படித்தான் சொல்லுவாங்க. கார்ப்பஸ்னா உடம்பு. அர்த்தம் அந்த ஹால்ல என்னை மாதிரி எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. ஆயிரம் தீர்ப்புல படிச்சிருக்கேன் அந்தச் சொல்லை. அன்னைக்கு எந்திரிச்சு, 'அவ பேரு உலகம்மை, அவ அம்மா வச்ச பேரு'ன்னு சொல்லணும்போல வந்துச்சு. சொல்லல. மனுதாரர் குறுக்கே பேசக் கூடாது.

ஜட்ஜ் அவளைக் கேட்டாரு. 'என் விருப்பத்துலதான் போனேன், யாரும் அடைச்சு வைக்கல'ன்னு தெளிவாச் சொன்னா. எனக்கு ஒரு பக்கம் பெருமையாக்கூட இருந்துச்சு, என்ன ஒரு தெளிவு. பெரிய ஜட்ஜ் என்னையப் பாத்தாரு. என்ன தெரிஞ்சுதோ அவருக்கு. 'அப்பாவும் மகளும் வெளிய உக்காந்து இருபது நிமிஷம் பேசுங்க. அப்புறம் கூப்பிடுறோம்'னாரு.

வராந்தாவுல ஒரு பெஞ்சு. பெண் போலீஸ் கொஞ்சம் தள்ளிப் போயி நின்னுக்கிட்டாங்க. நான் தயாராத்தான் போயிருந்தேன். பதினோரு பாயிண்ட் எழுதி வச்சிருந்தேன். இருபது நிமிஷம், பதினோரு பாயிண்ட், ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம்கூடக் கிடையாது. அதனால உடனே ஆரம்பிச்சுட்டேன். ஒண்ணு, எனக்கு முன் அறிவிப்புத் தரப்படவில்லை. ரெண்டு, என் தரப்பு கேட்கப்படவில்லை. மூணு, அம்மாவோட நகை பீரோவுல அப்படியே இருக்கு, அதை ஏன் கொண்டுபோகல. நாலு, அஞ்சு. அவ பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருந்தா. குறுக்கே ஒரு வார்த்தை பேசல. ஏழாவது பாயிண்ட்ல பையில இருந்து தண்ணி பாட்டிலை எடுத்துக் குடுத்தா. குடிச்சுட்டு மிச்சத்தையும் சொல்லி முடிச்சேன்.

முடிச்சதும் கேட்டா, 'அப்பா, நான் எழுதினதைப் படிச்சீங்களா?'ன்னு.

'பாத்தேனேம்மா, ரெண்டு தடவையும். திருத்திக் குடுத்தேனே.'

'பாத்தீங்கப்பா. படிச்சீங்களா?'

நான் சொன்னேன், 'ஸ்க்ருட்டினி பண்றவன் மெரிட்ஸுக்குள்ள போகக் கூடாதும்மா. உனக்குத் தெரியாததா?' அது உண்மை டீச்சர். மனு முறையா இருக்கான்னு மட்டும்தான் நாங்க பாக்கணும். உள்ள என்ன கேட்டிருக்கான், நியாயமா இல்லையான்னு பாக்குறது ஜட்ஜோட வேலை. சிரஸ்தார் அதைப் பாத்தா வேலை போயிரும்.

அவ ரொம்பப் பையக் கேட்டா. 'அப்ப நம்ம வீட்ல ஜட்ஜ் யாருப்பா?'

அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க.

தீர்ப்பு நாலு வரி. சம்பந்தப்பட்டவர் மேஜர். தன் விருப்பத்தின்படி வசிக்கிறார். அவர் விரும்பும் இடம் செல்லலாம். மனு முடித்து வைக்கப்படுகிறது. நான் உடனே வக்கீல்கிட்ட, 'சர்டிஃபைட் காப்பிக்கு எங்க தம்பி எழுதிக் குடுக்கணும்'னு கேட்டேன். அவன் சொன்னான், 'சார், உங்க மக படியில நின்னு திரும்பிப் பாத்தாங்க.' நான் நிமிர்றதுக்குள்ள ஆள் போயிட்டா. காப்பி வந்துருச்சு. பதினேழாம் நாள் வந்துருச்சு. உள்ளதான் இருக்கு, வேணும்னா எடுத்துக் காட்டுதேன். வேண்டாமா? சரி.

அதுக்கப்புறம் அவ நம்பரை மாத்திட்டா. நானும் தேடல. முடிஞ்சுபோன விஷயத்துல சிரஸ்தாருக்கு என்ன வேலை? ஃபங்டஸ் அஃபிசியோம்பாங்க. தன் கடமை முடிஞ்சவன், அதுக்கு மேல கை வைக்க அதிகாரம் இல்லாதவன். காலையில எந்திரிக்கேன். குக்கர்ல அரை டம்ளர் அரிசி போட்டா அடியில ஒட்டிக்கிட்டுக் கெடக்கு, பாத்தாலே சாப்பிடத் தோண மாட்டேங்கு. பேப்பர் வரும், நாலு பக்கமும் படிப்பேன். பதினோரு மணிக்குக் கோர்ட் வரைக்கும் நடந்து போவேன். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லயே தாக்கல் பண்றாங்க, குறை இருந்தா அதுவே சொல்லிருது. புதுசா வந்திருக்க பிள்ளைங்க, 'வாங்க சார்'ங்காங்க, சேர் போடுறாங்க, அப்புறம் அவங்கவங்க வேலையைப் பாக்காங்க. லத்தீன்ல ஒண்ணு கேளுங்கடேன்னு நானே போயி நிக்க முடியுமா? திரும்பி வந்து கதவைத் தெறந்தா வீடு நான் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு. பொறப்படும்போது மேஜையில வச்ச கண்ணாடிக் கூடு வச்ச இடத்துலயே இருக்கும். அது எவ்வளவு சங்கடமா இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, உங்க வீட்டுல பிள்ளைங்க இருக்கும். சைன் டைன்னு ஒண்ணு உண்டு. தேதி போடாம ஒத்திவைக்கிறது. அப்படிக் கெடக்கேன் டீச்சர், ரெண்டு வருஷமா.

என்ன? படிக்கவே இல்லையான்னு கேக்கீங்க.

உங்ககிட்டப் பொய் சொல்லி என்ன ஆகப் போகுது. முதல் பக்கத்துல நாலு வரி படிச்சேன். 'அப்பா, என்கூட வேலை பாக்குற முகுந்தன்னு ஒருத்தர். அவருக்கு அடுத்த மாசம் ஓசூருக்கு வேலை மாத்தல் ஆகுது.' அதுக்கு மேல கண்ணு போகல. ஓசூர் டீச்சர். இங்கேருந்து பஸ் ஏறினா பன்னெண்டு மணி நேரம். எனக்கு அந்தப் பையன் யாரு எவருங்குறது பெருசாப் படல. இந்த வீடுதான் கண்ணு முன்னால வந்துச்சு. பயந்துட்டேன். பயந்துட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஏழு நாள், அப்புறம் இன்னொரு ஏழு நாள். திருத்திட்டு வரட்டும், திருத்திட்டு வரட்டும்னு. டிஸ்மிஸ்னு எழுதினா போயிருவா. ரிட்டர்ன்னு எழுதினா திரும்பி வரணும்ல? முப்பத்தி நாலு வருஷம் ரிட்டர்ன் போட்ட ஒருத்தனும் திரும்பி வராம இருந்ததில்ல. அவளுக்கும் அது தெரியும்னு நினைச்சேன். கடைசிப் பக்கத்துல என்ன கேட்டிருந்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. என்னையும் கூட வான்னு கேட்டிருந்தாளோ என்னவோ. தெரியாது.

சவத்தை விடுங்க, போகட்டும். உங்க ஃபாரத்துலயும் அதையேதான் செஞ்சேன். தேதி அடிச்சதெல்லாம் ஒரு குறையா? சின்னப் பிள்ளைகூட அதைக் குறைன்னு சொல்லாது. போன மாசம் நீங்க வந்தப்ப, எத்தனை நாளைக்கு அப்புறம் இந்தச் சேர்ல ஒரு ஆள் உக்காந்திருந்துச்சு. ஒரு குறை சொன்னா மறுபடி வருவீங்கன்னு சொல்லிட்டேன். உங்களை அலைய விட்டது தப்பு. மனசுல வச்சுக்கிடாதீங்க.

கண்ணாடியைப் போட்டுக்கிடுதேன். இன்னைக்கு முழுசாப் படிச்சுருதேன், இருங்க. பேரு, உலகம்மை. வயசு, சரி. உறவினர் பேரு... என் பேரைப் போட்டிருக்கா. காசிவிசுவநாதன், தந்தை. கல்யாணம் ஆனவங்க புருஷன் பேரைத்தானே போடணும்? அப்பா பேரும் போடலாமா? சட்டப்படி செல்லுமா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க, பின்னால அவளுக்கு ஒரு சிக்கல் வந்துறக் கூடாது. செல்லுமா. சரி. அவளாத்தான் போட்டாளா, நீங்க எழுதினதா? அவளாப் போட்டதா. சரி.

புது முகவரி. கதவு எண் நாப்பத்தி ஒண்ணு, ரெண்டாவது மாடி. மாடிப்படி ஏறணுமா அவ. தேதி இருக்கு. கையெழுத்து இருக்கு, அதே கையெழுத்துதான், அந்த 'ம்மை'யை இழுத்து விடுதா பாருங்க. மார்ஜின்கூட விட்டிருக்கா. ஒரு குறை இல்ல டீச்சர்.

பேனாவைக் குடுங்க. இங்கனதானே? போட்டாச்சு. இனிமே இந்த வீட்டு நம்பர்ல ஒரே ஒரு பேர்.

இந்தக் கீழ இருக்குறது போன் நம்பரா? அவளோட புது நம்பரா? இதை நான் எழுதிக்கிடலாமா? ...கூடாதா. ஆமா, கூடாதுதான், ரகசியமா வைக்க வேண்டியது. நீங்க சொன்னது சரி. எனக்கு லோகஸ் ஸ்டாண்டி இல்ல. இந்தாங்க, பிடிங்க.

என்ன டீச்சர், வாங்காம பைக்குள்ள எதையோ தேடுதீங்க? முகத்தை அந்தப் பக்கம் வேற திருப்பிக்கிட்டீங்க. கண்ணாடியா? கண்ணாடி உங்க மூக்கு மேலதானே இருக்கு...

ஓ.

சரி சரி. தேடுங்க. பையத் தேடுங்க, எனக்கு எழுத்து இப்பல்லாம் மெதுவாத்தான் வருது. ஒன்பது, நாலு, நாலு, ரெண்டு... இது ஏழா ஒண்ணா? ஏழு. இன்னும் ரெண்டு நம்பர்தான். ஆச்சு. எழுதிட்டேன்.

கூப்பிட்டா எடுப்பாளா டீச்சர்? எடுத்தா நான் முதல்ல என்ன சொல்லணும்? எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க. இந்த நம்பருக்குக் கீழயே எழுதிக்கிடுதேன்.